டோக்கன் கவுண்டருக்கு வந்த முகூர்த்தப் புடவை

நூறு புடவையைப் பிரிச்சுப் போட்டப்புறமும் "வேற கலர் இல்லையா?"ன்னு கேக்குறவங்க முன்னாடி, மூஞ்சி கோணாம நூத்தியொண்ணாவதைப் பிரிக்கிறதுதான் ஜவுளிக்கடை வேலை. செஞ்சி கடைத்தெருவுல இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் செய்யுறேன். என்னை மாதிரியே கடையில நின்னு, கால் வீங்கி, செருப்பு நுழையாம வீட்டுக்குப் போற உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேணாம்.

போனஸ் பாரம்

பெரிய முதலாளி முட்டி வலின்னு வீட்டோட உக்காந்ததும் அவர் புள்ள கல்லாவுக்கு வந்தாரு. வந்த வாரமே என் கையில ஒரு பேப்பரைக் குடுத்தாரு. "சொந்தக் காரணத்தால் மாத இறுதியில் விலகுகிறேன்"னு டைப் அடிச்சிருந்துது. எனக்கு வயசு நாப்பத்தேழு, பொண்ணு நர்சிங் கடைசி வருஷம். இந்த வேலை போனா அவ படிப்பும் போச்சு. எனக்குச் சொந்தக் காரணம்னு ஒண்ணு இருந்தா, அது வேலையை விடாம இருக்கத்தான். "வீட்டுல கேட்டுச் சொல்றேன் தம்பி"ன்னு நழுவிட்டேன்.

வேட்டி செக்‌ஷன் அன்பழகண்ணனுக்கும் அதே பேப்பர் போயிருக்குது. ஓடிப்போய்க் கேட்டா, பாவம், மனுஷன் திருதிருன்னு முழிக்கிறாரு. "கண்ணாடி வீட்டுல இருக்குது செல்வி. போனஸ் பாரம்னு நெனச்சு அழகா கையெழுத்துப் போட்டுட்டேனே!"

காலண்டர் சாட்சி

மறுநாள் லீவு சொல்லிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். தொழிலாளர் ஆபீசுல ஒரு மேடம், "வேலையில சேந்த ஆர்டர் இருக்குதா?"ன்னு கேட்டாங்க. ஆர்டரா! எங்க நைனா கூட்டிக்கிட்டுப் போய் விட்டாரு, பெரிய முதலாளி "சரி, நில்லு"ன்னாரு, அன்னிக்கு நின்னவதான். நல்லவேளை, எங்க கடை காலண்டரைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். பொங்கலுக்கு எங்க எல்லாரையும் நிக்க வச்சு போட்டோ எடுத்து அதுல போட்டிருந்தாங்க. மேடம் அதுல என் மூஞ்சியைத் தேடிக் கண்டுபிடிச்சு, "இதுவும் சாட்சிதான்"னு சொன்னாங்க.

நீங்களா கையெழுத்துப் போட்டா நீங்களா போனதா ஆயிடும், அவங்க நிறுத்தணும்னா காரணம் சொல்லி ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல தரணும், இனிமே எதுன்னாலும் எழுதிக் கேளுங்க, அந்த அண்ணனையும் உடனே மறுத்து எழுதச் சொல்லுங்கன்னு பொறுமையா சொன்னாங்க. கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னும் சட்டம் இருக்குதாம். எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. கிளம்பும்போது பியூன் பின்னாடியே வந்தாரு. "காலண்டரை வச்சுட்டுப் போங்கம்மா, இந்த வருஷம் எங்க ஆபீசுக்கு ஒண்ணுமே வரல."

கோழி வச்சிருந்த அம்மா

நான் கையெழுத்துப் போடல. சின்ன முதலாளிக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "அப்ப நாளையிலேருந்து வாசல்ல பை வாங்கி டோக்கன் குடுங்க"ன்னாரு. "எழுதிக் குடுங்க தம்பி"ன்னேன். காது கேக்காத மாதிரி போயிட்டாரு.

பட்டுப் புடவை புரட்டின கையில பால் கேன், கீரைக்கட்டு, ஒரு நாள் உசுரோட ஒரு கோழி! அவமானமா இருந்துது, அழுதேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அங்க நாற்காலி இருக்குது. ஒரே வாரத்துல கால் வீக்கம் வடிஞ்சுடுச்சு. கோழியைக் குடுத்த அம்மா என் கதையெல்லாம் நின்னு கேட்டுட்டு, ஒரே போடு போட்டாங்க. "நிக்க வச்சா அழுவலாம், உக்கார வச்சதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? கோழியைப் பாத்துக்க."

தளவானூர் வேன்

மாசம் முடியறதுக்குள்ளயே, ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க தளவானூர்லேருந்து ஒரு கல்யாண வீட்டு சனம் வேன் நெறைய வந்து இறங்கிச்சு. நம்ம பக்கத்துல முதல் புடவையை யார் கை எடுத்துப் போடுதுன்னு ரொம்பப் பாப்பாங்க, கைராசி. அந்த வீட்டு மூத்த மருமகளுக்கும் அடுத்தவளுக்கும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு குடும்பமும் நல்லா இருக்குது. மாடியில புடவை செக்‌ஷன்ல என்னைக் காணோம்னதும் பதினெட்டு பேரும் மடமடன்னு கீழ வந்துட்டாங்க. மாமியார்க்காரம்மா டோக்கன் கவுண்டர் முன்னாடியே சம்மணம் போட்டு உக்காந்து, "புடவையை இங்க கொண்டாங்க. செல்வி கை படாம எதையும் எடுக்க மாட்டோம், இல்லன்னா வண்டியைத் திண்டிவனத்துக்கு வுடு"ன்னுட்டாங்க.

சின்ன முதலாளிக்கு வேர்த்துக் கொட்டுது. "அக்கா, மேல வாங்க. இனிமே அங்கயே இருங்கக்கா."

"எழுதிக் குடுங்க தம்பி. அண்ணன் கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குதுல்ல, அது பின்னாடியே எழுதுங்க. அவர் பேரையும் சேத்து."

வேன் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. இவரும் பேனாவை எடுத்துட்டாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க செக்‌ஷன்லயே தொடரலாம்னு எழுதி, கடை சீலும் குத்தி என் கையில குடுத்தாரு. நான் நேரா வேட்டி செக்‌ஷனுக்குப் போய் நீட்டினேன். அன்பழகண்ணன் பையிலேருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்து எழுத்தா படிச்சாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. "ரெண்டு தடவை படிச்சுட்டேன் செல்வி, இது போனஸ் பாரம் இல்ல, வேலைதான்."

இப்ப மறுபடி மாடியில நிக்கிறேன், காலும் மறுபடி வீங்குது, அடுத்தது அந்த நாற்காலியைத்தான் எழுதிக் கேக்கணும்.