கூடைக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

1992ஆம் ஆண்டு, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் என் அக்காவின் வீட்டில் நடந்தது இது. சண்டையால் கீரிமலைப் பக்கம் யாரும் போக முடியாமல் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அங்கத்தைக் கேணியில் குதித்துக் குளித்த ஞாபகத்தில் பிள்ளைகள் விடுமுறைக்கு விடுமுறை எங்களைப் பிய்த்தெடுத்தார்கள். அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்தா. வெங்காயம் கிண்டி எடுத்து அறுவடை முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தன் வீட்டுக்கு வருவது, தோட்டத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் மிசின் போட்டுத் தண்ணீர் இறைப்பது, பிள்ளைகள் தொட்டியில் ஆசைதீரக் குளிப்பது, மத்தியானம் எல்லோருக்கும் கூழ்.

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், அதே யோசனை ஒரு மாதமாக என் மனதிலும் கிடந்தது. எங்கள் வீட்டிலும் கிணறு உண்டு, மிசினும் உண்டு. தொட்டிதான் சின்னது. பெரிய தொட்டியோடு இருந்த காணி சீதனமாக அக்காவுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எது நடந்தாலும் அவ வீட்டில்தான். என் பிள்ளைகள்கூட எப்போது பெரியம்மா வீட்டுக்குப் போவது என்றுதான் கேட்பார்கள். இருக்கட்டும், அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் வைத்து, அவவைவிடக் கூட நேரம் மிசின் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. குப்பி விளக்குக்கே சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவோம். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் அதிசயமாக எனக்கு ஒரு போத்தல் கிடைத்தது. கடதாசியை உருட்டி அடைத்து, பிள்ளைகளின் மாற்றுடுப்புக்குக் கீழே கூடைக்குள் மறைத்து வைத்தேன். அடுத்த ஞாயிறுக்கு.

அத்தான் மிசினை ஸ்டார்ட் பண்ணியதும் குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. பெரிய பிள்ளைகள் முதலில் முதுகைக் கொடுத்துக் கொண்டு கும்மாளமடித்தார்கள். என் கடைசி மகளுக்கு ஐந்து வயது. தன் முறை வரட்டும் என்று தலை நிறையச் சவர்க்கார நுரையோடு தொட்டிக்கட்டில் காத்திருந்தாள். அவள் குழாயடிக்குப் போகவும் மிசின் இருமி நின்றுவிட்டது. எண்ணெய் முடிந்துவிட்டது.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். கூடை என் காலடியில்தான் இருந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். எடுத்துக் கொடுத்தால் அக்காவின் நாள் இன்னும் நன்றாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டே கல்லுப்போல நின்றேன்.

அக்கா வீட்டுக்குள் போய்க் குப்பி விளக்குகள் மூன்றையும் எடுத்து வந்தா. திரியைக் கழற்றி, இருந்த எண்ணெயை எல்லாம் மிசினுக்குள் ஊற்றினா. இரவுக்கு என்ன செய்வது என்று அத்தான் கேட்டார்.

"நேரத்தோடை சாப்பிட்டுட்டுப் படுப்பம். பிள்ளை எவ்வளவு நேரமாய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

மிசின் பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது. அதற்குள் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. கூழ் ஆறுகிறது என்று சாட்டுச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன்.

பின்னேரம் வெளிக்கிடும்போது, கத்தரிக்காய் போட்டுத் தரவென்று அக்கா என் கூடையைத் தூக்கினா. நான் ஓடிப் போவதற்குள் பிள்ளைகளின் ஈர உடுப்பை விலக்கிவிட்டா. போத்தல் சரிந்து கிடந்தது, கடதாசி அடைப்பு ஊறியிருந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. போத்தலை நேராக வைத்து, அடைப்பை இறுக்கி, அது அசையாதபடி சுற்றிவரக் கத்தரிக்காயை அடுக்கினா.

"ஆட்டாமல் கொண்டுபோ தங்கச்சி. எண்ணெய் சிந்திப்போடும்."

மறுநாள் விடிந்ததும் அந்தப் போத்தலைக் கொண்டுபோய் அவவின் குசினியில் வைத்தேன். அப்போதும் அவ ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தா. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

ஏன் ஒளித்து வைத்தாய் என்று அக்கா கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பேன். அவ கேட்காமல் விட்ட கேள்விக்கு, முப்பது வருடம் கழிந்தும் நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.