நடுக்கொடிக்காரர்

அந்த வீட்டுத் துணிகளுக்கு மூன்று நிலை. துவைத்து மடித்தது அலமாரியில். அழுக்கானது குளியலறைக் கூடையில். ஒருமுறை உடுத்தியாயிற்று, ஆனால் துவைக்கும் அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை என்று இரண்டுங்கெட்டானாக ஒரு கூட்டம் இருக்கிறதே, அதற்குத்தான் எந்த வீட்டிலும் போக்கிடம் கிடையாது. நாற்காலி முதுகிலும் கதவு இடுக்கிலும் கட்டில் காலிலும் நாதியற்றுத் தொங்கும். இந்த வீட்டில் மட்டும் அதற்கும் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தவர் மாமா.

மாமா என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் முறை. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட்டது. கோட்டு வாடகைக் கடையில் வேலை. ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டி அனுப்பியவர், தான் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குடியிருந்த அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவர். அந்த அறைக்கு அதன்பிறகு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று.

அவர் வந்த புதிதில் வீட்டில் துணிச் சண்டை உச்சத்தில் இருந்தது. அக்கா கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுவாள். அத்தான் ஒரு பம்பு தொழிற்சாலையில் கணக்கர். உடுத்திக் களைந்த சட்டையை நைசாக மடித்து, துவைத்த சட்டைகளுக்கு அடியில் சொருகிவிடுவார். மகள் எல்லாவற்றையும் ஒரு நாற்காலியில் குவிப்பாள். அந்த நாற்காலியில் கடைசியாக மனித ஜென்மம் உட்கார்ந்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

மாமா பார்த்தார். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துப் போகிற அளவில் ஒரு நடை இருந்தது. அதில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஆணி அடித்து நைலான் கயிறு கட்டினார். அதுதான் நடுக்கொடி. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, பையைக் காலி செய்து, காலர் மடிப்பை விரித்து, ஒன்றை ஒன்று தொடாமல் மாட்ட வேண்டும். அலமாரியிலிருந்து வெளியே வந்தது துவைக்காமல் திரும்ப உள்ளே போகக் கூடாது. இது கோட்டுக் கடைச் சட்டம்.

சட்டம் போட்டால் தீர்ப்பு சொல்லவும் ஆள் வேண்டுமே. காலையில் ஆளுக்கொரு துணியோடு நடையில் வந்து நிற்பார்கள். மாமா வாங்கி, அக்குளில் ஒரு மோப்பம், காலரில் ஒரு மோப்பம், முதுகில் ஒன்று. பிறகு ஒரே வார்த்தை. கொடி அல்லது கூடை. மேல்முறையீடு கிடையாது.

கடையிலும் அவருக்கு அந்த வேலைதான் இருந்தது. திரும்பி வரும் கோட்டுகளை மோந்து, சலவைக்குப் போவதையும் காற்றாடினால் போதும் என்பதையும் பிரிப்பார். பிறகு முதலாளி நீராவிப் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டார். எந்தக் கோட்டை உள்ளே தொங்கவிட்டாலும் வெளியே வரும்போது பச்சைப்பிள்ளை மாதிரி வந்தது. மாமாவை மார்பளவு எடுக்கிற நாடாவோடு வாசல் பக்கம் நிறுத்திவிட்டார்கள். ஆக அவர் மூக்குக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் அக்கா வீட்டு நடுக்கொடி. தண்டச்சோறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாததையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வதில் மாமா கெட்டிக்காரர். மூக்கு இருக்கிறவரை இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

அப்படிப்பட்ட மூக்குதான் ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தது.

அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, புகை கூடம் வரை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மாமா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏன்டா, கருகற வாசனைகூடவா தெரியலை?"

"தெரிஞ்சுது. எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்துட்டிருந்தேன்."

அன்று குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு சோப்பை மோந்தார், பினாயிலை மோந்தார், கடைசியில் தன் காலுறையையே மோந்தார். ஒன்றுமில்லை. மற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார், அந்தக் காலுறைதான் ஆளை உடைத்துவிட்டது. டாக்டரிடம் போனார். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற எவரும் சொல்வார்களே என்று நினைத்துக்கொண்டு மாமா திரும்பினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

முதலில் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் கூடை என்றார். துவைக்கும் இயந்திரம் முனகியது. மழை வேறு விடாமல் பெய்தது. காயப்போட இடமில்லாமல் மின்விசிறி இறக்கையிலெல்லாம் பனியன் தொங்கியது. "உனக்கு என்னடா ஆச்சு, தண்ணித் தொட்டிக்குள்ளயா குடியிருக்கோம்?" என்றாள் அக்கா. உடனே மறுபக்கம் சாய்ந்து எல்லாவற்றையும் கொடி என்றார். இரண்டு நாளில் அத்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மச்சான், ஆபீஸ் லிப்டுல என்கூட ஏறின ரெண்டு பேரு ரெண்டாவது மாடியிலேயே இறங்கிட்டாங்க. அவங்களுக்கு வேலை ஏழாவது மாடியில."

இனி இந்த வழியும் அடைப்பு. மறுநாள் அத்தான் சட்டையை நீட்டியபோது, மாமா அதை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நேரத்தைக் கடத்த வேண்டுமே என்று ஒரு கேள்வியைப் போட்டார்.

"நேத்து எங்க போயிட்டு வந்தீங்க அத்தான்?"

"ஆபீஸ். அப்புறம் வீடு. வேற எங்க போறேன்."

"ம்ம்" என்றார் மாமா. வேறொன்றும் தோன்றாததால்தான் அப்படிச் சொன்னார்.

அத்தான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சுடுச்சா? ரெண்டே ரெண்டு புறாதான். நண்பன் வீட்டு மொட்டைமாடியில வெச்சிருக்கேன்."

புறாவே கூடாது என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிய வீடு அது. மாமா திகைத்துப் போனார். பழக்க தோஷத்தில் மறுபடி "ம்ம்" என்றார்.

"சரி, ஆறு."

"ம்ம்."

"யப்பா, முட்டையையும் சேர்த்தா எண்ணறே?"

"கூடை" என்றார் மாமா.

அன்றிலிருந்து பாதை திறந்தது. துணியை மூக்கில் வைப்பார், எங்கே, எப்போது, யாரோடு என்று கேட்பார், "ம்ம்" போடுவார். அவரவரே வாயைத் திறந்துவிடுவார்கள், அதிலிருந்து கொடியா கூடையா என்று முடிவு கட்டிவிடலாம். தன் ஸ்வெட்டரை எதிர்வீட்டுப் பெண்மணிக்கு ஒரு நாள் உடுத்தக் கொடுத்ததை அக்கா ஒப்புக்கொண்டாள். அந்தப் பெண்மணி அதைத் தன் தங்கைக்குக் கொடுத்தது அடுத்த "ம்ம்"மில் வந்தது. புறா விஷயமும் ஒருநாள் அக்கா காதுக்கு எட்டிவிட்டது. மாமா சொல்லவில்லை. மச்சான் எப்படியும் போட்டுக் கொடுத்துவிடுவான் என்று பயந்து அத்தானே போய்ச் சரணடைந்தார். புறாக்கள் நண்பனுக்கே சொந்தமாயின.

"காய்ச்சலுக்கு அப்புறம் இவன் மூக்கு சாணை பிடிச்ச கத்தி மாதிரி ஆயிடுச்சு. கழுகுக்கு மூக்கிலே வேர்க்கும்னு சொல்வாங்க, இவனுக்கு முகமெல்லாம் வேர்க்குது" என்று அத்தான் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்தார். மாமாவுக்கு உண்மையில் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. பயத்தில்.

வீட்டுப் பெண் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப் போக மாமா கடையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கோட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். போய்ப் போய் வருவாள். "பார்த்துச் சொல்றோம்னாங்க" என்பாள். கோட்டை மட்டும் கொஞ்ச நாளாக நடுக்கொடிக்குக் கொண்டுவராமல் தன் அறையிலேயே உறைபோட்டு வைத்திருந்தாள்.

அடுத்த தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம், அக்காவும் அத்தானும் கடைக்குப் போயிருந்த நேரம், கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மாமா வழக்கம்போல் மோந்தார்.

"கடைசியா எப்பம்மா போட்டே?"

"போன வாரம்."

"ம்ம்."

அவள் நடையிலேயே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "எண்ணெய் வாசனை அடிக்கும்னு தெரியும் மாமா. அதான் உங்க கண்ணுல காட்டாம வெச்சிருந்தேன். கடைசி ரெண்டு தடவையும் நான் உள்ளேயே போகலை."

மாமா கோட்டை மூக்கிலிருந்து எடுத்தார்.

"கட்டடம் வரைக்கும் போனேன். வரிசையில உட்கார்ந்திருந்தவங்க பேசறதைக் கேட்டதும் காலு தானா திரும்பிடுச்சு. பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை. மத்தியானம் வரைக்கும் வாணலிக்குப் பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்தேன். உள்ளே போனா ரெண்டு கேள்வியில கண்டுபிடிச்சிடுவாங்க மாமா. டிகிரி என்னோடதுதான். ஆனா யாரோட சட்டையையோ போட்டுட்டு நிக்கற மாதிரியே இருக்கு."

அத்தான் புறாவை ஒப்புக்கொள்வது வேறு. இந்தக் குழந்தை உட்கார்ந்து கண்ணைக் கசக்குவது ஒரு மூக்குக்கு முன்னால். அந்த மூக்கோ செத்து ஒரு மாசமாகிறது. சொன்னால் இந்த வீட்டில் இருக்கிற ஒரே வேலையும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் இவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"எனக்கு ஒரு வாசனையும் தெரியாதும்மா" என்றார். "காய்ச்சல்ல இருந்தே."

அவள் நம்பவில்லை. எழுந்து போய்ப் பினாயில் பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். மாமா சுவாரஸ்யமில்லாமல் மூச்சை இழுத்துவிட்டார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, இவருக்கு வரவில்லை.

"அப்போ அப்பாவோட புறா?"

"அவரேதான் சொன்னார்."

"அம்மா ஸ்வெட்டர்?"

"அதுவும் அப்படித்தான்."

சிரிப்பு வந்து, விக்கல் வந்து, பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "பாவம் மாமா அப்பா. அந்தப் புறாவுக்கெல்லாம் பேரு வெச்சிருந்தார். இதை நீங்க சொல்லணும், எல்லார்கிட்டயும்."

"சொன்னா எனக்கு இங்க என்ன வேலைம்மா?"

அவள் கோட்டை வாங்கி ஒருமுறை மோந்து பார்த்து, மூக்கைச் சுளித்துக் கூடையில் போட்டாள். கொடியிலிருந்து அம்மாவின் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் உள்ளே போறேன். நீங்களும் காலைல வாயைத் திறக்கணும். நான் மட்டும் மாட்டிக்க முடியாது."

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். அத்தானுக்கு விடுமுறை. காலை உணவு மேசையில் மாமா தொண்டையைக் கனைத்தார். கனைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி கனைத்தார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யலை. ஒரு மாசமாச்சு. இத்தனை நாள் சும்மா மோந்து பார்க்கற மாதிரி நடிச்சேன்."

அத்தான் கையை அப்படியே நிறுத்தினார். "மச்சான், எதுவா இருந்தாலும் நேரா கேட்டுடு. இந்தச் சுத்தி வளைக்கறது வேண்டாம். புறாவைத்தான் குடுத்துட்டேனே."

"நிஜமாத்தான் சொல்றேன் அத்தான்."

"என்னைத் தைரியமா இருக்கவிட்டு அப்புறம் பிடிக்கலாம்னு பார்க்கறே. இது புது டெக்னிக்." சமையலறைக்குப் போய் வெங்காயத்தைப் பாதியாக அறுத்துவந்து மாமா மூக்கில் தேய்க்காத குறையாகக் காட்டினார். மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். "பாரு, கண்கூடச் சிமிட்டலை. என்ன நெஞ்சழுத்தம்."

அக்கா மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் பால் கருகினப்பவே எனக்கு ஒரு சந்தேகம். ஏன்டா சொல்லலை?"

"சும்மா உட்கார்ந்து சாப்பிடறவனை யாரு வெச்சுக்குவா அக்கா?"

"அறைஞ்சேன்னா பாரு" என்றாள் அக்கா. "உன் மூக்குக்கா நான் தட்டு வெக்கறேன்? வாய்க்குத்தானே வெக்கறேன். தின்னு."

மாமா குனிந்து தின்றார். ருசியும் மூக்கோடு போயிருந்ததால் என்ன தின்கிறோம் என்பது தெரியவில்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. அந்தப் பக்கம் கிசுகிசுப்பாக ஒரு குரல். "மாமா, உள்ளே வந்து உட்கார்ந்துட்டேன். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. நீங்க சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். உங்கப்பா நம்ப மாட்டேங்கறார்."

"கூப்பிடறாங்க, வெக்கறேன்."

மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா படுக்கையறையிலிருந்து ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள்.

"கொடியா, கூடையான்னு சொல்லு."

"அக்கா, இப்பத்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அதுக்கு? நடுக்கொடிக்கு வேற யாரு இருக்கா? பாருடா."

மாமா போர்வையை எடுத்தார். பழக்கத்தில் மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். சுத்தமாக ஒன்றுமில்லை.

"இதை யாரு போர்த்தினது?" என்றார்.

எதிரே நாற்காலி தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, விடுமுறை நாளன்று, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் அத்தான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.