ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கண்ணாடி

எங்கள் வீட்டில் ஈரமான எதற்கும் ஒரே வைத்தியம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்தான். போடிமெட்டுக்கு மேலே ஆடிச் சாரலில் வேறு எங்கே காய வைப்பது? பள்ளிக்கூடச் சாக்ஸ், மாமாவின் செல்போன் எல்லாம் பச்சைக் காயோடு உலைச் சூட்டில் கிடந்து வாசனையோடு திரும்பி வரும். அதனால் நான் செய்தது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

மதுரையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சித்தி ஒரு சனிக்கிழமை வந்தாள். அவள் பையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் கரும்பழுப்புப் பூச்சுப் பூசிய கண்ணாடித் துண்டு. மூன்று மாதம் பாடுபட்டுச் செய்தது. திங்கட்கிழமை வெளியூர் ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சி அளக்க அவளுக்கு முறை கிடைத்திருந்தது.

“வெளிச்சத்த எலக்ட்ரான் மட்டும் தனியா வாங்கிக்கிறதில்ல ஆத்தா. சுத்தி இருக்குற அணுவெல்லாம் நடுங்கிக்கிட்டே இருக்கும். ஜீப்புல நெருக்கி உக்காந்துருக்கையில ஒருத்தி நகந்தா எல்லாரும் நகரணும்ல? அப்படித்தேன். எந்த வெளிச்சத்த எம்புட்டு வாங்கும்ங்கிறது அந்த நடுக்கத்தையும் பொறுத்தது. டப்பாவத் திறந்துராத, ஈரம் ஆகாது” என்று என்னிடம் சொன்னாள் சித்தி.

எனக்குப் புரிந்தது ஜீப் மட்டும்தான். சித்தி குளிக்கப் போனதும், நடுங்குவதைப் பார்க்கும் ஆசையில் ஜன்னலோரம் வைத்துத் திறந்தேன். ஒன்றும் நடுங்கவில்லை. அம்மா காய் பொறுக்கக் கூப்பிட்டாள். போனவள் அப்படியே மறந்துபோனேன். மறுநாள் காலை பார்த்தால், மூடுபனி பட்டுக் கண்ணாடி மஞ்சளாக வெளிறிக் கிடந்தது.

யாருக்கும் தெரியாமல் ஸ்டோருக்கு ஓடி, காய்த் தட்டின் நடுவே அதை வைத்தேன். மதியத்துக்குள் பழைய கரும்பழுப்பு திரும்பியிருந்தது! எடுக்கப் போன இடத்தில் சித்தி நின்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பூச்சு கையில் ஒட்டியிருந்தால் ஆகாது என்று, முதலில் என் கைகளை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கண்ணாடியை ஓரத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சரியாயிருச்சுடி. அழுகாத” என்று மூக்கைத் துடைத்துவிட்டாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. “அந்த மொறைய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். ஒங்கூட இருக்கப் போறேன்” என்றாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை, நாள் முழுக்கக் கேரம் விளையாடினோம்.

இப்போது நானும் அதே போன்ற கண்ணாடிகளில்தான் வேலை செய்கிறேன். நனைந்து காய்ந்த பூச்சுக்கு நிறம் திரும்பும், உள்ளே அணுக்கள் நின்ற ஒழுங்கு திரும்பாது, அதை அளந்து பயனில்லை. இது இந்த வேலையில் முதல் வாரமே தெரிந்துவிடும். சித்திக்கு ஸ்டோரிலேயே தெரிந்திருக்கும்.

நானோ, கண்ணாடியைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காகத்தான் சித்தி ஒரு நாள் கூடுதலாக இருந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.