லிட்டருக்கு முப்பது மீட்டர்

என் சித்தி முட்டை வண்டி ஓட்டுகிறார். அம்மாவுக்கு நேர் இளையவர், வயது முப்பத்தெட்டு. படிப்பு முடித்து நகரத்தில் வேலை கிடைத்தபோது அவர் வீட்டு மாடி அறையில்தான் பெட்டியை இறக்கினேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, சித்திக்குக் கிடையாது. அதனால் சனிக்கிழமைகளில் அவர் வண்டியின் பக்கத்து இருக்கை என்னுடையது.

சித்தி வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் அவர் ஓட்டுகிறார் என்றே தோன்றாது. வண்டி பாட்டுக்குப் போகிறது, இவரும் கூட உட்கார்ந்து போகிறார் என்றுதான் தோன்றும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்த உடனே காலை எடுத்துவிடுவார். வண்டி அந்த வேகத்திலேயே உருண்டு விளக்கை நெருங்கும்போது பச்சை விழுந்திருக்கும். நம்மை முந்திக்கொண்டு பறந்தவர்கள் அங்கே பிரேக்கைக் கிறீச்சிட வைத்து நின்று, மறுபடி முதல் கியரிலிருந்து உறுமிக்கொண்டு கிளம்புவார்கள். சித்தி அவர்களைக் கடந்து போவார். "ஓடிப் போய் நிக்கிறதுக்கு எதுக்கு ஓடணும்?" என்பார். யாரையும் குறை சொல்லும் குரல் அல்ல அது. உண்மையிலேயே புரியாமல் கேட்பது போல இருக்கும்.

பின்னால் ஆறாயிரம் முட்டைகள், முப்பது முப்பதாக அட்டைகளில் அடுக்கி இருக்கும். பிரேக்கை ஒரு தடவை ஓங்கி மிதித்தால் அத்தனையும் ஒரே கலவை. ஆகவே மிதமாக ஓட்டுவது சித்திக்கு ஒரு கொள்கை அல்ல, பிழைப்பு.

வண்டிக்கு வருவதற்கு முன்பு ஆறு வருடம் அதே கிடங்கின் இருட்டறையில் இருந்தார். ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு மேல் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அட்டையில் வைக்கும் வேலை. கண்ணை மூடினாலும் முட்டைதான் தெரியும் என்பார். முப்பத்திநான்காவது வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். என் சித்தப்பா தையல்காரர், பயந்த சுபாவம். ஊசியில் நூல் கோக்கவே எனக்குக் கை நடுங்குது, உனக்கு வண்டியா என்று கேட்டுவிட்டு, தினமும் கூடவே போய் வாசலில் காத்திருந்தார். உரிமம் வந்த நாளிலிருந்து அவர் அக்கம்பக்கத்தில் அறிமுகம் செய்துகொள்வதே "டிரைவரம்மா வீட்டுக்காரர்" என்றுதான்.

வண்டியின் முகப்பில், கண்ணாடிக்குக் கீழே, நான் பட்ட அங்கியோடு நிற்கும் படத்தைச் சித்தி ஒட்டி வைத்திருக்கிறார். கடைக்குக் கடை அதைக் காட்டுவார். "எங்க வீட்டுல மொத டிகிரி. புள்ளியியல்." எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளே குளுகுளுவென்றும் இருக்கும். ஒரு மளிகைக்காரர் மட்டும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதுக்கு எங்கே வேலை தருவாங்க என்று கவலையோடு விசாரித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் டீசல் விலை ஏறியது. கிடங்கில் நான்கு வண்டிகள். நகரத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம். முதலாளி நான்கு ஓட்டுநர்களையும் கூப்பிட்டு, இனி மூன்று வண்டிதான், ஒன்றை விற்கப்போகிறேன் என்றார். எது என்பதை டீசலே சொல்லட்டும். ஒரு மாதம் எல்லோரும் தினம் மாலையில் ஒரே பங்க்கில் டேங்கை நிரப்ப வேண்டும், கிலோமீட்டரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு எது குறைவாக ஓடியிருக்கிறதோ அது விற்பனைக்கு. அதன் ஓட்டுநர் இருட்டறைக்கு. அதுவரை எந்த வண்டிக்கும் எந்தப் பாகமும் மாற்றக் கூடாது, மாற்றினால் அளவு கெட்டுவிடும்.

வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. கிடங்கில் இரண்டாம் வண்டியை ஓட்டுபவர் முதலாளியின் மச்சான். அவருக்கு "அவசரம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். நிற்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டுக்கொண்டே நிற்கிறவர். அவர் இருக்கும்போது சித்தி கடைசியாக வருவதாவது?

இரண்டு வாரம் கழித்துச் சுவரில் ஒட்டிய தாளில் சித்திதான் கடைசி. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர். அவசரமே பன்னிரண்டைத் தாண்டி இருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா, டேங்க்கில் ஓட்டை இருக்குமோ, எவனாவது குழாய் போட்டு உறிஞ்சுகிறானோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். சித்தி தட்டைப் பார்த்தபடியே, "அந்த ரூமுக்குத் திரும்பிப் போக மாட்டேன்" என்றார்.

அந்த வாரச் சனிக்கிழமையே நான் கைப்பேசியில் நேரம் எடுத்தேன். ஓடும் நேரத்தை அல்ல, நிற்கும் நேரத்தை. சித்திக்கு இருபத்தாறு கடைகள். ஒவ்வொரு கடையிலும் இறங்கி, அட்டைகளை எண்ணிக் கொடுத்து, காலி அட்டைகளை வாங்கி வர நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். சித்தியின் வண்டி இரண்டு விதமாகவும் தின்றுகொண்டிருந்தது. என் பட்டத்துக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சொன்னதும் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதாடா? ஆஃப் பண்ணா திரும்ப எடுக்கணுமே" என்றார். பேட்டரி பழசு. பத்துக்கு ஏழு தடவை எடுக்கும், மூன்று தடவை மக்கர் செய்யும். அதுகூடக் காரணம் இல்லை என்பது பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. வண்டி எடுத்த முதல் மாதம், மொத்தச் சந்தை வாசலில், காலை நெரிசலில், வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்த லோடுமேன்கள்தான் தள்ளிவிட்டார்கள். அப்போது ஒருவர், பொம்பளை ஓட்டுனா இப்படித்தான், வண்டிக்குப் பின்னாடி நாலு ஆம்பளை ஓடணும் என்று சொல்ல, சந்தையே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து கிடங்கில் கிளம்பினால் கிடங்கில்தான் சாவியைத் திருப்புவார்.

முதலாளியிடம் பேட்டரி கேட்டுப் பார்த்தார். விக்கப்போற வண்டியா வெச்சுக்கப்போற வண்டியான்னு தெரியட்டும்மா என்றார் அவர்.

திங்கட்கிழமை சித்தி ஒரு வேலை செய்தார். எங்கள் நகரம் மேடும் பள்ளமுமானது. ஒரு தெரு கூட ஒழுங்காகப் படுத்துக் கிடக்காது. கடைகளின் வரிசையையே அவர் மாற்றி அமைத்தார். எந்தக் கடைக்குப் போனாலும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நிறுத்தி, அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பக்கத்துப் பக்கத்து மூன்று கடைகளுக்கும் நடந்தே அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பி வந்து சாவியைத் திருப்புவார். எடுக்கவில்லையா, பிரேக்கை விட்டு நாலு அடி உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விடுவார். சடாரென்று விட்டால் வண்டி குலுங்கி முட்டை போய்விடும். அவர் விடுவது தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழிருந்து கையை உருவுவது போல இருக்கும்.

டயருக்குக் காற்று சரியாக வைத்தார். இருக்கைக்குப் பின்னால் வருடக்கணக்காகச் சுமந்து வந்த உடைந்த ஜாக்கி, பெயிண்ட் டப்பா, யாருடையது என்றே தெரியாத ஒரு இரும்புக் கதவு எல்லாவற்றையும் இறக்கிப் போட்டார். கதவு தன்னுடையது என்று சித்தப்பா தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டார்.

லிட்டருக்குப் பதினைந்து வரத் தொடங்கியது. ஆனால் முதல் பாதியின் பாவத்தை இரண்டாம் பாதி கழுவ வேண்டும் அல்லவா? மாதச் சராசரி எறும்பு போல ஏறியது. கடைசி நாளுக்கு முந்தின மாலை சித்தியும் அவசரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நின்றார்கள்.

கடைசி நாள் சனிக்கிழமை. நானும் இருந்தேன். இருபத்தைந்து கடைகளும் முடிந்து சந்தை வாசலுக்கு வந்தோம். சித்தி இன்னும் அணைக்காமலே நிறுத்தி வந்த ஒரே இடம் அதுதான், சுத்தமான சமதளம். முட்டையைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் வெளியே போகும் வழியில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சக்கரத்தைக் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். வாசல் ஓரம் மூட்டைகள் மேல் லோடுமேன்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி அவர்களைப் பார்த்தார். என் படத்தைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார். அந்த அமைதி எனக்குத்தான் பெரிதாகக் கேட்டது.

லாரி நகர்ந்ததும் சாவியைப் போட்டார். டிக் என்றது. மறுபடி டிக். பின்னால் ஹாரன்கள் தொடங்கிவிட்டன. சித்தி கதவைத் திறந்து இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, நேரே மூட்டைகளை நோக்கி நடந்தார்.

"அண்ணே, வண்டி எடுக்கல. நாலு பேர் வந்து தள்ளுங்க. உள்ள மிச்சம் முந்நூறு முட்டை இருக்கு, பாத்துத் தள்ளணும்."

நாலு பேருக்கு எட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். நானும் கை வைத்தேன். மீசை நரைத்த ஒரு லோடுமேன் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "முன்னாடி ஒட்டியிருக்கிற படத்துல இருக்கிற பட்டதாரி நீதானே? அழுத்துப்பா, வண்டியத் தடவிக் குடுக்காத." சிரிப்பு எழுந்தது. இந்த முறை சித்தியும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி உருண்டது, ஒரு சின்ன இருமலோடு எடுத்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிவிட்டு நகர்ந்தார். நான் பின்னாலேயே ஓடிப்போய் ஏறினேன்.

மாலையில் எழுத்தர் இரண்டு முறை கூட்டினார். நான் மூன்றாவது முறை கூட்டினேன். சித்தி லிட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி ஏழு பூஜ்யம். அவசரம் பன்னிரண்டு புள்ளி ஆறு ஏழு. சந்தை வாசலில் இன்ஜின் ஓடியிருந்தால் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும்.

அவசரம் ஒத்துக்கொள்ளவில்லை. லிட்டருக்கு முப்பது மீட்டர் எல்லாம் ஒரு வித்தியாசமா மாமா, பங்க்காரன் குழாயை உதறியிருந்தால்கூட அவ்வளவு வருமே என்று முதலாளியிடம் வாதாடினார். முதலாளியும் மோவாயைத் தடவினார். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

சித்தி சத்தம் போடவில்லை. "தம்பி, முப்பது மீட்டர் வண்டியத் தள்ளிப் பாருங்க. அது எவ்வளவு தூரம்னு தெரியும்" என்றார்.

முதலாளி தாளில் கையெழுத்துப் போட்டார். அவசரம் வளையத்திலிருந்து சாவியை மெல்லக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

வெளியே வரும்போது சித்தி அவர் பக்கத்தில் போய் நின்றார். என்ன குத்தலாகச் சொல்லப்போகிறாரோ என்று எனக்கே பயம்.

"திங்கக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க தம்பி. அந்த இருட்டு ரூம்ல கதவுப் பக்கம் மூணாவது ஸ்டூலைப் பிடிச்சுக்கங்க. மத்ததெல்லாம் ஆடும், முதுகு போயிடும்."