வெள்ளையாக விட்ட இடம்

என் அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் பொறுமையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பத்தாறு வருடமாக நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடங்களுக்கு வர்ணம் போடுகிறவள் அவள். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், ஆலைகளுக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை. காலி நிலத்துக்கு வர்ணம் கிடையாது, தாள் வெள்ளையாகவே தெரியும். கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு வழியவிட மாட்டாள் என்று அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். வர்ணம் தீட்டத் தெரியும், வாயைத் திறக்கத்தான் தெரியாது.

ரயில்வே சரக்குக் கிடங்குக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. முந்நூற்று நாற்பது வீடுகள். மூட்டை தூக்குகிறவர்கள், கொத்தனார்கள், என்னைப் போல் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவர்கள். போன மாதம் ஒரு காலையில் நான்கு பேர் வந்து எங்கள் சுவர்களில் சிவப்பு பெயிண்டால் எண் போட்டார்கள். இடித்துவிட்டுப் புது பஸ் நிலையம் கட்டப்போகிறார்களாம்.

"யாரைக் கேட்டு என் வீட்டுல எழுதறீங்க?" என்றேன்.

"மேப்புல இங்க வீடே இல்லையேம்மா" என்றான் ஒருவன். சொன்னது எங்கே நின்று? என் வீட்டு வாசற்படியில்.

அந்த மேப்புக்கு யார் வர்ணம் போட்டது என்று எனக்குத் தெரியாதா? போட்டது போட்டபடி அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"எங்க தெருவுக்கு என்ன கலர் போட்ட?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வெள்ளையா விட்டேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. பத்திரம் இல்லாத இடத்துக்கு மஞ்சள் போட்டா, அங்க ஆள் இருக்காங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்படியே விடுன்னு அதிகாரி சொன்னார். அப்புறம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. வெள்ளையும் அப்படியே ஏறிடுச்சு."

"நான் அங்கதான் இருக்கேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். கூடப் பிறந்து தொலைத்தோமே என்று விட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவளாகவே என்னை அலுவலகத்துப் பழைய காகித அறைக்குக் கூட்டிப்போனாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் வரைபடங்களை ஒவ்வொன்றாக விரித்தாள். மிகப் பழையதில் ஓர் ஆறு, கரையில் ஆள்கிறவனின் மாளிகை மட்டும். ஆற்றைக் கடக்க வண்டிகளிலிருந்து சுமையை இறக்க வேண்டுமாம். இறக்கித் தூக்கினவர்கள் குடிசை போட்டார்கள், அவர்களுக்கு விற்கச் சந்தை கூடியது. ஊர் பிறந்தது அங்கேதான், ஆனால் தாளில் அந்த இடம் வெள்ளை. அடுத்ததில் அதே சந்தையைச் சுற்றி மதில். இப்போது மதிலுக்கு வெளியே சாயம் தோய்ப்பவர்கள் இருந்த இடம் வெள்ளை. அதற்கடுத்ததில் மதிலை இடித்து வட்டச் சாலை போட்டிருந்தார்கள். சாயக்காரர் தெரு வங்கிகள் நிற்கும் பெரிய வீதியாகிவிட்டது. பிறகு ரயில் வந்தது. ஸ்கேலை வைத்து நேர்நேராகத் தெருக்களைப் போட்டு, ஆலைக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தண்டவாளம் போட்டவர்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. அவர்கள்தான் நாங்கள்.

"ஒவ்வொரு மேப்புலயும் வெள்ளையா விட்ட இடம்தான் அடுத்த மேப்புல ஊருக்கு நடுவா ஆகுது, பார்த்தியா?" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா விட்ட? தெரியாம செஞ்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்!"

எங்கள் புகாருக்காக விசாரணை வைத்தார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் "அப்படியே விடு" என்ற அதே அதிகாரிதான் இப்போது அலுவலகத்துக்கே தலைவர். மேலிடத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் விசாரித்தார். தலைவர் ஒரு கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். 'கவனக்குறைவால் விடுபட்டது' என்று அக்கா கையெழுத்துப் போட்டால் போதும், ஒரு கண்டிப்போடு அவளை விட்டுவிடுவார்கள். அவள் ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. ஊழியர் தவறு என்றாகிவிட்டால் திட்டம் அசையாது, எங்கள் வீடுகள் போகும். தெரிந்தே விட்டது என்றால்தான் திட்டத்தை முதலிலிருந்து போட வேண்டும்.

"போட்டுடுங்கம்மா, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார் தலைவர், குழைந்து குழைந்து.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். எதற்காவது மாட்டேன் என்று சொன்னவளா இவள்? கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். அந்த ஒரு வார்த்தையில் விரலை வைத்து நிறுத்தினாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

"கவனக்குறைவா? என் வேலையிலயா? முந்நூத்தி நாப்பது வீடு சார். ஒரு வீட்டு மூலைகூட மேப்புல வந்துடாம, கவனமாத்தான் விட்டேன். விடச் சொன்னது நீங்க. மூணாவது வரிசையில ரெண்டாவது வீடு என் தங்கச்சியோடது."

விசாரித்த அம்மாள் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னார். அன்று சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திட்டம் திரும்பிப் போயிற்று, எங்கள் வீடுகள் நிற்கின்றன. தெருவே அவளைத் தெய்வம் என்கிறது. எனக்கு மட்டும் ஆறவில்லை. பதினெட்டு வருடம் அவள் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.