இரண்டாம் தடவை கேட்காத சம்பந்தி

முதல் தடவையாக இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு யோசனை சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கடலூரில் கிடையாது. ஏனென்றால் நான் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. போய்விட்டு வந்தவனுக்கு நம் ஊரைப் பற்றிச் சொல்லக் கூச்சம் வந்துவிடும், பாதியை முழுங்கிவிடுவான். எனக்கு அந்த வியாதி இல்லை. கனடாவிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் புட்டுப்புட்டு எழுதி அனுப்பினேன். எழுதியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுதாமல் விட்டதுதான் என் கழுத்தை அறுத்தது.

அது 2009. எங்கள் ஒரே மகன் கனடாவில் வேலையில் இருந்தான். அந்த ஊர்ப் பெண்ணையே விரும்பி, அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு எங்களுக்கு ஃபோட்டோ அனுப்பினான். செம்மண்டலத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நான். என் மகன் கல்யாணத்தில் எனக்கு ஒரு வாய் பாயசம் இல்லை. என் மனைவி கொஞ்ச நாள் அவனோடு ஃபோனில் பேசவே இல்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது, அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகுதான் மகன் ஃபோன் செய்தான். "அப்பா, அவங்க அப்பா அம்மா உங்களைப் பாக்க வரணும்ங்கிறாங்க. எனக்கு லீவு கெடைக்கல, அவங்க மட்டும்தான் வராங்க. எது செய்யலாம், எது செய்யக் கூடாதுன்னு ஒரு மெயில் போட்டுடுப்பா."

என் மனைவிக்கு இதில் ஒரே ஒரு கணக்குத்தான். மகனும் மருமகளும் இருந்தது புறாக்கூண்டு மாதிரி ஒரு ஃப்ளாட். பிரசவத்துக்கு மருமகள் அதே ஊரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். நாங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதென்றால் சம்பந்தி வீட்டில்தான் தங்க வேண்டும். "அவுங்க வாயால கூப்புடாம, பொண்ணு வூட்ல போயி பொட்டியோட நின்னா மானம் மரியாதை இருக்குமா? வராங்க இல்ல, வந்து கூப்புடட்டும். முறையா ஒரு வார்த்தை கூப்புட்டா நாளைக்கே கெளம்புறேன்" என்றாள். குழந்தைக்கென்று மெத்துமெத்தென்ற பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆக, அந்த ஒரு வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

அண்ணாமலை நகரில் ஓர் அலுவலகத்தில் ஆயுசு முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கினேன். தண்ணீர் காய்ச்சியதாக இருக்க வேண்டும். ஹாரன் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி முறைக்க வேண்டாம், அது திட்டு அல்ல, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வது. கரண்ட் போனால் பதற வேண்டாம், ஊரிலேயே நேரம் தவறாதது அது ஒன்றுதான். உங்கள் வயசு, சம்பளம், இடுப்பு வலி எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட வேண்டும், போட்டபின் அந்த இடம் உங்களுடையது, சண்டை வந்தால் கைக்குட்டையைக் காட்டலாம். இப்படி எழுதிக்கொண்டே போனேன். அந்த சென்டர்காரரே எட்டிப் பார்த்து, "சார், இத படிச்சிட்டும் அவுங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

வந்தார்கள். சம்பந்தி நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம், சாந்தமான மனுஷர். சம்பந்தியம்மா எதைப் பார்த்தாலும் சிரிக்கிற ஜாதி. என் மெயிலை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் சம்பந்தி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை இட்லி. சம்பந்தியம்மா மூன்று சாப்பிட்டுவிட்டு, "நோ, தேங்க் யூ" என்றார். என் மனைவி இரண்டு வைத்தாள். அந்த அம்மா திடுக்கிட்டு, அதையும் மரியாதைக்காகச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் தெளிவாக, "நோ" என்றார். இன்னொன்று விழுந்தது. "வெக்கப்படுறாங்க பாவம்" என்றாள் என் மனைவி என்னிடம்.

நம் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. முதல் ‘வேண்டாம்’ வெட்கத்துக்கு. இரண்டாவது ‘வேண்டாம்’ மரியாதைக்கு. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் வயிற்றைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவையே ‘சரி, போடுங்க’ என்கிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? பறக்காவெட்டி என்பார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்துகிறவனைக் கஞ்சப்பிசினாறி என்பார்கள். மூச்சு விடுவது மாதிரி இது. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது மெயிலில் எழுதுவார்களா? நானும் எழுதவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து சம்பந்தி காலைப் பலகாரத்துக்கு முன்பே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போய்விடுவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ரொம்பத் தயங்கி, "உங்கள் மனைவிக்கு ‘நோ’ என்ற வார்த்தை தெரியுமா?" என்று கேட்டார். "நன்றாகத் தெரியும், நம்பத்தான் மாட்டாள்" என்றேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சம்பந்தி பெட்டியைத் திறந்து பெரிய சாக்லெட் டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார். எனக்கு இனிப்பு என்றால் உயிர். "நோ, நோ" என்றேன். "ஓகே" என்று சொல்லி டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்! நான் கையைப் பாதி நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். என்ன மனுஷரய்யா இவர்? இன்னொரு தடவை கேட்டால் வாய் வலிக்குமா? என் மனைவி உள்ளே போய்ச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாக்லெட் போனதற்குச் சிரித்தவள்தான். அடுத்துப் போனதற்குச் சிரிக்கவில்லை.

பிச்சாவரம் போன நாள் அது. கார் வைக்கலாம் என்றேன், சம்பந்தி கேட்கவில்லை. கைக்குட்டை வித்தையைச் செய்து பார்த்தே தீர வேண்டுமாம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் நுழையும்போதே கூட ஓடி, கைக்குட்டைக்குப் பதில் தன் தொப்பியை ஜன்னலுக்குள் எறிந்தார். ஏறிப் பார்த்தால் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "இது யாருதுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிதம்பரம் வரைக்கும் சம்பந்தி நின்றுகொண்டே வந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுத்தோம். முன்பக்கம் பெண்கள் இருவரும், பின்னால் நாங்கள் இருவரும், எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகு நுழைந்தது. சம்பந்தி கொஞ்ச நேரம் வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சுற்றி வளைக்காமல் சொன்னார்: "குழந்தை பிறக்கும்போது நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்க விரும்புவீர்களா? எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்."

வந்துவிட்டது! எந்த வார்த்தைக்காக அந்த வாரம் முழுக்க இட்லி அவித்தோமோ அந்த வார்த்தை வந்துவிட்டது. முன்பக்கம் என் மனைவியின் முதுகு நிமிர்ந்தது தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். "நோ, நோ, நோ. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றேன்.

"ஓகே. புரிகிறது" என்றார் சம்பந்தி. திரும்பி மறுபடியும் வேர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் மனைவி முகத்தில் சிரிப்பு மாறாமல், கழுத்தை மட்டும் திருப்பித் தமிழில் கேட்டாள். "என்னாத்துக்கு வேணாம்னீங்க?"

"இரு, மறுபடியும் கேப்பாரு."

"கேப்பாரா?"

"கேக்காம எங்க போயிடுவாரு? படகுலதானே இருக்காரு."

படகு கரைக்கு வந்தது. மிதவைச் சட்டையைக் கழற்றினோம். இளநீர் குடித்தோம். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு நாய் படாது. எப்படியாவது அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வைக்க வேண்டும். நாமாக எடுத்தால் அலைகிறோம் என்று ஆகிவிடும். சிதம்பரம் கோயில் பிரகாரத்தில் நடக்கும்போது, "கனடாவில் குளிர் ஜாஸ்தியோ?" என்று கொக்கி போட்டேன். "ஆமாம், உங்களுக்கெல்லாம் கஷ்டம்தான்" என்றார். என் வாயாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன். "வீட்டில் எத்தனை அறை?" என்றேன். மூன்று என்றார். "அப்படியானால் ஒன்று காலியாக இருக்குமே?" என்றேன். "ஆமாம், உடற்பயிற்சி சைக்கிளை அங்கே போட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன்" என்றார். கடைசி அஸ்திரமாக, "பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் என் மனைவி கெட்டிக்காரி" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா என் மனைவியை ஒரு தடவை பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிக் கார் ஏறும்போதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது. வாசலில் நின்று விடைபெறும்போதுதானே நம் ஆட்கள் முக்கியமானதைப் பேசுவார்கள். கண்ணாடி இறங்கியது. சம்பந்தி தலையை வெளியே நீட்டினார். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்றார். கார் போய்விட்டது.

என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மடித்து வைத்த வேட்டித் துணிகளை எடுத்துப் பரணில் போட்டாள். "குடிக்கக் காபி வேணுமா?" என்று கேட்பாள். நான் பழக்கத்தில் "வேணாம்" என்றால், "சரி" என்று போய்விடுவாள். காபி இல்லாமல் எத்தனை நாள் காலம் தள்ளினேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஃபோன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "ஏம்பா வர மாட்டேன்னுட்ட?" என்றான்.

"நான் எங்கடா வர மாட்டேன்னேன்? ஒரு பேச்சுக்கு வேணாம்னேன். அவுரு மறுபடியும் கேக்கவே இல்ல!"

"அவங்க ஏம்பா மறுபடியும் கேப்பாங்க? ஒருத்தர் வேணாம்னு சொன்னப்புறம் திருப்பிக் கேட்டா இங்க அது மரியாதை இல்லப்பா. அம்மாவுக்கு மாடி ஏற முடியாதுன்னு கீழ் ரூமை ஒழிச்சுப் புதுக் கட்டில் போட்டுட்டுத்தான் உங்களக் கூப்பிடவே வந்தாங்க. திரும்பி வந்து அந்தக் கட்டிலப் பாத்ததும் அந்த அம்மா அழுதுட்டாங்களாம். ‘எங்க பொண்ணு வேற நாட்டுப் பொண்ணுங்கிறதால அவங்களுக்குப் பிடிக்கலையா’ன்னு எங்கிட்ட கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்ல?"

சாக்லெட் டப்பாவை மூடினாரே என்று அவரைத் திட்டாத நாளில்லை. அங்கே ஒருத்தி எங்களுக்குப் போட்ட கட்டிலைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவமானமாக இருந்தது.

"இரு, அவரும் இங்கதான் இருக்காரு" என்றான் மகன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் சம்பந்தியின் குரல், தயங்கித் தயங்கி. "இன்னொரு முறை கேட்கச் சொல்கிறான் உங்கள் மகன். நான் வற்புறுத்துவதாக நினைக்கக் கூடாது. நீங்கள் வருவீர்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு முழுக்க ‘வருகிறேன்’ என்பதுதான் இருந்தது. ஆனால் அறுபது வருஷத்து நாக்கு. இது இரண்டாவது தடவையாயிற்றே, மரியாதைக்கு ஒன்று பாக்கி நிற்கிறதே! "நோ, நோ, உங்களுக்கு எதுக்கு..." என்று என் வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

என் மனைவி அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்து ஃபோனைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் அதை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எஸ்" என்றாள். "எஸ். எஸ். ஐ கமிங். எஸ்." கண்ணீர் மாவில் விழ விழச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சம்பந்தியம்மா இன்னும் ஃபோனுக்கே வரவில்லை, இவளை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.