மலைச்செடி பூத்தால் வருகிறேன் என்றாள்

என் அக்காவைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தானுக்கு அங்கே தபாலாபீஸில் வேலை. அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டதால், எனக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணப் புடவை கட்டிவிட்டது வரை எல்லாம் அக்காதான். நான் புதுக்கோட்டையில் குடித்தனம் வைத்த முதல் சித்திரையில் பார்க்க வந்தாள். மூன்றாம் நாளே கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றாள், காற்றே இல்லை என்றாள், பெட்டியைக் கட்டிவிட்டாள். நாங்கள் பிறந்த அறந்தாங்கி வெயிலில் என்னோடு ஓடி விளையாடியவள்தான் இவள்! நாலு வருஷம் மலையில் இருந்ததும் குளிர்தேசத்து மகாராணி ஆகிவிட்டாள்.

அடுத்த ஆவணியில் நாங்கள் அங்கே போனபோது, "மறுபடி எப்ப வருவ?" என்று கேட்டேன். அவள் வீட்டு வாசலில் ஒரு செடி, பந்து பந்தாக நீலப்பூவோடு நின்றது. அதில் ஒரு குச்சியை ஒடித்து ஈரப்பாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

"இது ஒங்க ஊர்ல பூக்கட்டும்டி. பூத்தாச் சொல்லு, அன்னைக்கு வாரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ரோஷம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஹைட்ரேஞ்சியா என்று அத்தான் ஒரு காகிதத்தில் பெயரை எழுதித் தந்தார். எங்கள் வாய்க்கு அது மலைச்செடி. மண்தொட்டியில் செம்மண்ணும் குளத்து வண்டலும் இலைமக்கும் போட்டு, வெயில் படாத வடக்குச் சுவரோரம் வைத்தேன். ஐப்பசி மழையில் நாலு இலை விட்டது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு பெட்டிக் காமிரா. அதை வாங்கி நானே அந்த நாலு இலையைப் படம் எடுத்தேன். மார்கழியில் ஒன்று எடுத்தேன். சித்திரையில் இலையெல்லாம் காலை பத்து மணிக்கே தொங்கிப்போகும், அதையும் எடுத்தேன். ஆடிக் காற்று கிழித்துப் போட்டதை எடுத்தபோது அவர் பொறுக்கமாட்டாமல், "குச்சி குச்சியாவே படம் எடுத்து வையி. பிற்காலத்துல வெறகுக் கடைக்கு ஒதவும்" என்றார். உப்புத் தண்ணீர் ஆகாதென்று நல்லதண்ணிக் குளத்திலிருந்து அதற்கென்றே தினம் ஒரு குடம் சுமந்தேன். வெயில் காலத்தில் நனைத்த சாக்கைக் கட்டி நிழல் செய்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிப் பாடுபடுவதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

இடையில் இரண்டு தடவை எனக்கு வயிற்றில் உண்டாகித் தங்காமல் போயிற்று. அக்காவுக்கு எழுதவில்லை. எழுதினால், வா என்று கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். செடி பூக்கட்டும், அவள் தானாக வரட்டும், அப்புறம் சொல்லி அழுதுகொள்ளலாம் என்று இருந்தேன். அக்கா வர வேண்டும். அதற்கு அது பூக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

மூன்றாம் வருஷம் மாசியில் மொட்டு வைத்தது. எனக்கும் அப்போது நாலாம் மாதம். இந்தத் தடவையும் பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எலுமிச்சை அளவில் இருந்த மொட்டுக் கொத்து, பத்துப் பதினைந்து நாளில் தேங்காய்மூடி அளவுக்கு விரிந்தது. நீலம் இல்லை, வெளுத்த ரோஸ் நிறம். மண்ணின் வேலையோ தண்ணீரின் வேலையோ தெரியாது. படத்தில் எப்படியும் நிறம் விழப்போவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

யுத்தத்தில் ஃபிலிம் கிடைக்காத நேரம். காமிராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம். "பூவை மட்டும் எடுத்தா எங்கேயோ எடுத்ததும்பாக. நீ பக்கத்துல நில்லு" என்று அவர் காமிராவை வாங்கிக்கொண்டார். நான் தொட்டியின் விளிம்பை மறைக்க முந்தானையை இழுத்து விட்டேன். காரணம் இருந்தது. நனைந்த மண்தொட்டியின் வாசனை அந்த மாதங்களில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் விளிம்பில் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டுக்கொள்வேன். அவரோ பெருச்சாளிதான் கொறிக்கிறது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

படத்தின் பின்னால் 'பூத்துவிட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

எட்டாம் நாள் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பூ அதற்குள் கருகிவிட்டிருந்தது. "முந்தாநா வரைக்கும் நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். அவள் பூவைப் பார்க்கவே இல்லை. நேரே தொட்டியிடம் போய் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு பொறந்திருச்சு."

"போட்டோவுல ஒங்க அத்தான் பூவப் பாத்தாரு. நான் ஒன் முந்தானைக்குத் தப்பித் தெரிஞ்ச இதத்தான் பாத்தேன். நம்ம அம்மா ஒன்னைய உண்டாயிருந்தப்ப அடுப்பங்கரைப் பானை பூரா இப்புடித்தான் இருக்கும்." விளிம்பிலிருந்து விரலை எடுக்காமலே, "இதான் மொதலா?" என்றாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தொட்டியைச் செடியோடு அவள் தலையில் கட்டிவிட்டுத்தான் அக்கா கைகால் கழுவினாள். அந்தச் சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும், பிறகு என் மகள் பிறந்து நாற்பது நாள் வரைக்கும் மலைப்பக்கமே போகவில்லை. ஆனால் வந்த அன்று அவள் கேட்டதுதான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

"ரெண்டு தடவ தனியாக் கெடந்திருக்க. எனக்குச் சொல்லணும்னு தோணலையாடி?"

"நீதானேக்கா பூத்தா வாரேன்னு சொன்ன."



"ஒரு கார்டு போட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே" என்றாள்.